பக்க அறைக் குடித்தனம்

கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் கையில் ஒரு தோல்பை. ஜன்னல் வழியாகப் பார்த்த ரத்தினபாய், "வந்துட்டாங்க பூவம்மா. சுந்தரியைப் புஸ்தகத்தோட உக்கார வை" என்றாள்.

பூவம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீன் கூடையைக் கிணற்றடியில் இறக்கிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பக்க அறைக்குள் ஓடினாள்.

அந்த வருஷம் தாம்பரத்துப் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஏகப்பட்ட கூட்டம். ஊருக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் இடம், வீட்டுக்கே வந்து விசாரிப்போம் என்று சொல்லிவிட்டார்கள். பூவம்மாள் கடற்கரைக் குப்பத்திலிருந்து வந்து முடிச்சூர் ஏரிக்கரையில் குடிசை போட்டவள். அங்கே படிப்பு ஐந்தாவதோடு சரி.

ரத்தினபாய் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறவள். கணவர் தனசிங் இறந்த பிறகு, அந்த வாடகை வீட்டின் முன்கூடமும் இரண்டு தையல் மிஷினும்தான் அவளுக்குச் சோறு போட்டன. மீன் கொடுக்க வரும் பூவம்மாளின் மகள், அம்மா பேரம் பேசி முடிப்பதற்குள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான், "ஸ்கூல்ல என் வீட்டு அட்ரஸையே குடு" என்று ரத்தினபாய் ஒருநாள் தானாகச் சொன்னாள்.

"வூட்டுக்காரரு எதுனா சொல்வாராம்மா?"

"அவர் எப்பவும் சொல்றதுதான். பையனுக்கு வீடு வேணும், காலி பண்ணுன்னு. வாடகையை ஒழுங்காக் குடுக்கறவளை எந்தக் கோர்ட்டும் வெளியே அனுப்பாது. நீ சாமானைக் கொண்டு வா."

துணி மூட்டைகள் கிடந்த பக்க அறையை இருவருமாக ஒழித்தார்கள். ஒரு பாய், நாலு சட்டி பானை, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு அம்மன் படம் வந்து சேர்ந்தன. படத்துக்கு ஆணி அடித்தது ரத்தினபாய்தான். சர்ச் சபையில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தும் அடித்தாள்.

"ரத்தினபாய்ங்கறது நீங்களா?" தோல்பைக்காரர் கேட்டார்.

"ஆமாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்தேன். உக்காருங்க."

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். உட்காரவில்லை. பக்க அறையை எட்டிப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

"பூவம்மாள். இந்த ரூம்லதான் இருக்காங்க, அம்மாவும் பொண்ணும்."

"உங்களுக்குச் சொந்தமா?"

சொந்தம் என்றால் நம்ப மாட்டார்கள் என்று ரத்தினபாய்க்குத் தெரியும். "இல்லைங்க. குடித்தனம்தான்."

"சமையல் தனியா?"

"தனிதான் சார்" என்று பூவம்மாள் முந்திக்கொண்டாள். "ஸ்டவ்வு அதோ கீது பாருங்க."

சுந்தரி சுவரோரம் விறைப்பாக எழுந்து நின்றாள். பெயர், வயது, படித்த பள்ளி, இந்த வீட்டுக் கதவு எண் எல்லாவற்றையும் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அவர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

"எவ்வளவு நாளா இருக்காங்க?"

"ரெண்டு மூணு வருஷம் ஆச்சு" என்றாள் ரத்தினபாய். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு. ஆனால் தொடங்கியபின் அது தடுக்கவில்லை.

"வாடகை?"

இந்தக் கேள்வியை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. சும்மா இருக்கிறார்கள் என்றால் சந்தேகப்படுவார்களோ என்று பயம் வந்தது. "மாசம் தவறாமக் குடுத்துடறாங்க."

"யார் கையில?"

"என் கையிலதான்."

அவர் நிலைப்படியில் நின்றவர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்கள்ல?"

இரண்டாமவர் தலையாட்டினார்.

ரத்தினபாய் காபி கொண்டுவந்தாள். தோல்பைக்காரர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "இவ்வளவு தெளிவாச் சொல்வீங்கன்னு நான் நினைக்கலை. நாலு தடவை அலைய வேண்டியிருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

"மறைக்கறதுக்கு என்னங்க இருக்கு" என்றாள் ரத்தினபாய். அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது போலிருந்தது. சுந்தரியைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பெண் அப்போதுதான் மூச்சு விட்டது.

அவர்கள் கேட்டைத் தாண்டும்போது பூவம்மாளால் பொறுக்க முடியவில்லை. பின்னாலேயே ஓடினாள்.

"சார், எம் பொண்ணு என்னிக்கு இஸ்கூலுக்கு வரணும்?"

சைக்கிள் ஸ்டாண்டை எடுக்கப்போன தோல்பைக்காரர் நிமிர்ந்தார். பூவம்மாளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், வாசலில் காலி டம்ளர்களோடு நின்ற ரத்தினபாயைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இஸ்கூலா? காலி பண்ண வைக்கக் கேஸ் போடணும், உள்வாடகைக்கு ஆள் வெச்சிருக்காங்களான்னு பார்த்துட்டு வாங்கன்னு வீட்டுக்காரரோட வக்கீல் அனுப்பினாரும்மா."