யாருக்கு நிறுத்த?

கத்திக் கத்திக் கோதண்டத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவரும் மனைவி சுலோசனாவும் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஒரே வீட்டில் இரண்டு பென்ஷனிலும் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிப்பது என்ன நியாயம் என்று கருவூலத்துக்கு நடையாய் நடந்தாயிற்று. சன்னலுக்குள் இருந்த பெண் கடைசியில் இறங்கி வந்தாள்.

“ஒருத்தருக்கு நிறுத்திடலாம் சார். இன்னொருத்தர் கட்டுறதுலயே ரெண்டு பேரும் வைத்தியம் பாத்துக்கலாம். ஆனா கட்டுறவங்க முதல்ல போயிட்டா, இருக்கிறவங்களுக்குக் கிடையாது. யாருக்கு நிறுத்த?”

அவர் சுலோசனாவைப் பார்த்தார். அவளோ, மூச்சு வாங்கும் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டுனு சொல்லுங்க சார்,” என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

“இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா?” கோதண்டம் சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

சுலோசனா அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். “ரெண்டு பேருக்குமே பிடிச்சுட்டுப் போங்கம்மா.”