வெள்ளி டம்ளர்

"கேன் தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையாடி?" என்று வைரக்கண்ணு கத்தினார்.

"பொண்ணு பாக்க வந்தவங்க கூடத்துல உக்காந்திருந்தாங்க. எங்க கிணத்துல எண்ணெ மிதக்குதுன்னு சொல்லச் சொல்றீங்களா?" அவர் மனைவி செண்பகவல்லியின் குரல் எங்கள் அடுப்படிவரை கேட்டது. நான் காதைத் தீட்டவில்லை. நடுச்சுவர் அவ்வளவு மெல்லியது.

தெருக் கிணறுகளைக் கெடுத்த வெளிநாட்டு எண்ணெய்க் கம்பெனிமேல் வழக்குப் போட்டவரே வைரக்கண்ணுதான். அன்று காலை, பார்வையிட வந்த கோர்ட்டு கமிஷனர் முன்னால், கம்பெனி வக்கீல் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீடு தேடி வந்தவருக்கு நாற்றத் தண்ணீரையா கொடுப்பது? செண்பகவல்லி கேன் தண்ணீரை வெள்ளி டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"உங்க கிணத்துத் தண்ணியாம்மா?" என்றார் வக்கீல்.

கூடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்தார். செண்பகவல்லி ஆமென்று தலையாட்டினாள்.

வக்கீல் சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "எழுதிக்குங்க சார்" என்றார். கம்பெனியை நாள்தோறும் கிழித்துத் தொங்கவிடும் எங்கள் தெரு, வாசலில் நின்று தரையைப் பார்த்தது.

வழக்கு தோற்றது. மகள் இலக்கியா அந்த வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டுத் திருப்பூர் போனாள். தலைப்பிரசவத்துக்குக்கூட அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார் மாமியார். இங்கே தண்ணீர் சரியில்லையாம்.