குடும்பத் தலைவர் கையெழுத்து

துபாயின் அல் குசைஸ் பகுதியில் மைதிலியின் ஃபிளாட்டுக்குப் பக்கத்துக் காலி நிலத்தில் கிடங்குகளும் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பும் கட்டத் திட்டம். சுற்றியிருந்த கட்டடங்களில் குடியிருப்பவர்களிடம் நகராட்சியிலிருந்து கருத்துக் கேட்டிருந்தார்கள். ஆட்சேபனைக் கடிதம் எழுதும் வேலையை மைதிலி தானே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தனியா இருக்கிற ஆம்பளைங்க நூத்துக்கணக்குல வந்தா, நம்ம பொண்ணு அனன்யாவை எப்படிங்க கீழே விளையாட விடறது?"

கணவன் ரகுராம் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். "அவங்களுக்கும் ஊர்ல பொண்டாட்டி, புள்ளைங்க இருப்பாங்க."

"ஊர்ல இருந்து என்ன பிரயோஜனம்? இங்க தனி ஆளுங்கதானே. எல்லா வீட்டுலயும் கையெழுத்துப் போட்டாச்சு. போடுங்க."

'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"மைதிலி, எங்க கம்பெனியை மூடிட்டாங்க. வேற வேலை கிடைச்சிருக்கு. ஆனா ஃபேமிலி விசா கிடையாது. உனக்கும் அனன்யாவுக்கும் இருபத்தெட்டாம் தேதி ஊருக்கு டிக்கெட் பார்த்து வெச்சிருக்கேன்."

"அப்போ நீங்க?"

"கேம்ப்ல ஒரு கட்டில் தராங்க."

அவள் கையிலிருந்த கடிதத்தில், 'தனி ஆண்கள் இருக்கும் இடத்தில் குழந்தைகளை நம்பி விட முடியாது' என்ற அவளுடைய வரிக்கு நேர் கீழே அவன் கையெழுத்து இருந்தது.