சீட்டில் விழுந்த கட்சி

மகள் எழுந்து முதல் வாக்கியத்தைச் சொன்னதுமே அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

“வேலைநிறுத்தம் என்பது உரிமை அல்ல, மிரட்டல்.”

பள்ளி மாணவர்களின் அரசியல் விவாத மாநாடு. பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டு, ‘ஆளுங்கட்சி’, ‘எதிர்க்கட்சி’ என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடை செய்ய வேண்டும் என்பது தீர்மானம். அதை முன்மொழிந்தவள் அவருடைய ஒரே மகள்.

அவரோ பேருந்துப் பணிமனையில் முப்பது வருஷம் பிரேக் பார்த்தவர். தொழிற்சங்கத் தலைவர். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி பேசுவார் என்பதால் ‘மைக்’ என்று பெயர். நாற்பத்தோரு நாள் வேலைநிறுத்தம் நடத்தி, பதினேழு நாள் சிறையில் இருந்தவர். அவர் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்த பெண் பேசுகிற பேச்சா இது?

போதாக்குறைக்கு, பக்கத்து நாற்காலியில் அதே பணிமனையின் மேலாளர். அந்த மேலாளரின் மகன் எதிர்க்கட்சி பெஞ்சில் நின்று தொழிலாளர் உரிமைக்காகத் திக்கித் திணறிக்கொண்டிருந்தான்.

“உங்க பொண்ணு எங்க பக்கம் வந்துட்டா, என் பையன் உங்க சங்கத்துல சேர்ந்துட்டான்” என்று மேலாளர் காதோரம் குனிந்தார். “மாத்திக்கலாமா, மைக்?”

யார் எந்தப் பக்கம் பேசுவது என்று பென்சில் டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்களாம். சொந்த நம்பிக்கைக்கும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை, எல்லாம் பயிற்சிதான் என்று ஆசிரியை ஆரம்பத்திலேயே விளக்கியிருந்தார். அதைக் கேட்டபோதே அவருக்கு எரிந்தது. கொள்கையைக் குலுக்கியா எடுப்பார்கள்? நாளைக்கு எவன் கூலி கொடுத்தாலும் அவனுக்காகப் பேச இன்றைக்கே நாக்கைப் பழக்குகிறார்கள். அதற்கு ஒரு கோப்பை, ஒரு சான்றிதழ்.

மகள் நிறுத்தவில்லை.

“குறை இருந்தால் பேசலாம். நம்மை நம்பி நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்துக் கையைக் கட்டிக்கொள்வது, கழுத்தில் கத்தி வைப்பதற்குச் சமம். ஆஸ்பத்திரி என்பது வியாபாரம் நடக்கும் இடம் அல்ல, சேவை நடக்கும் இடம். சேவைக்கு வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.”

அறையே கை தட்டியது. அவர் கை மட்டும் முழங்காலில் கிடந்தது.

இவ்வளவு கச்சிதமாக எழுத எங்கள் தலைமை அலுவலகத்திலேயே ஆள் கிடையாது என்று மேலாளர் வியந்தார். ஒரு நகல் கிடைத்தால் பணிமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன் என்றும் சொன்னார். மைக் பல்லைக் கடித்துக்கொண்டார்.

மகளுக்குத்தான் முதல் பரிசு. அடுத்த சுற்று வெளியூரில், மூன்று நாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும், அதுவும் இன்றைக்கே. வருஷம் முழுக்க இதற்காகவே காத்திருந்தவள், படிவத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடி வந்தாள்.

அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“இதுல கையெழுத்துப் போடறதுக்கு நான் விரலை வெட்டிப் போட்டுடலாம்.”

“சீட்டுல அந்தப் பக்கம்தாம்பா வந்துச்சு.”

“வரட்டுமே. கடனேன்னு ரெண்டு வார்த்தை பேசிட்டு உட்கார்ந்திருக்கலாமே? உயிரைக் கொடுத்துப் பேசணுமா?”

“தோக்கறதுக்குன்னு பேச நீங்க சொல்லித் தரலையே.”

சுருக்கென்றது. சிறையில் கொசுக்கடியில் கிடந்தது, உன் அம்மா உண்டியலோடு தெருத்தெருவாகப் போனது, ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக மழையில் நின்றது என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அத்தனையையும் அவள் நின்ற இடத்திலேயே கேட்டுக்கொண்டாள். போகிற வருகிற பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“இது உன் எழுத்து இல்ல. பதினாறு வயசுப் பொண்ணுக்கு இந்த விஷம் வராது. எழுதிக் கொடுத்த முதலாளி கைக்கூலி யாரு? பேரைச் சொல்லு. பணிமனை வாசல்ல நிக்க வெச்சு நாலு வார்த்தை கேட்கறேன்.”

மேலாளர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிப் போகும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நம்ம சங்க ஆபீஸ் பெருக்குற அக்கா, ஞாயித்துக்கிழமை லீவு வேணும்னு போன மாசம் ரெண்டு நாள் வேலையை நிறுத்தினாங்களே. அவங்களுக்கு நீங்க ஒரு பதில் எழுதி, என்னைத்தான் அழகாப் படி எடுத்துத் தரச் சொன்னீங்க. இதுக்கு எந்தக் கொம்பனாலயும் பதில் சொல்ல முடியாதுன்னும் சொன்னீங்க.”

அவர் தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“ஒரே ஒரு இடத்துலதாம்பா மாத்தினேன். நீங்க ‘சங்க ஆபீஸ்’னு எழுதியிருந்ததை ‘ஆஸ்பத்திரி’ன்னு போட்டேன்.”