ஜே வந்த நாள்

ஆங்கிலத்தில் ‘அவன்’, ‘அவள்’ போய் ஆளுக்கொரு சொல் வந்துவிட்ட காலம். ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய சொல்லை மாற்றிச் சொன்னால், காதில் மாட்டியிருக்கும் கருவி சுள்ளென்று கடிக்கும்.

பாளையங்கோட்டை ஞானசிகாமணியின் ஒரே பிள்ளை மகிழ். டொராண்டோவில், ‘ஹி’யும் வேண்டாம் ‘ஷி’யும் வேண்டாம் என்று ‘ஜே’ எனப் பதிந்துகொண்டது. நான்கு வருடம் கழித்து வருகிற பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று, அவர் ஒரு வாரம் கடி வாங்கி ‘ஜே’ சொல்லப் பழகினார்.

மகிழ் வந்ததும் ஆங்கிலத்திலேயே ஆரம்பித்தார். ‘யூ சிட், யூ ஈட்’ என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை.

“அப்பா, என்கிட்ட நேரா பேச ‘யூ’ போதும். நான் இல்லாதப்ப சொல்றதுக்குத்தான் ஜே” என்று சிரித்துவிட்டு மகிழ் குளிக்கப் போனது.

“புறணி பேசவா இந்தப் பாடு பட்டிய?” என்றாள் மனைவி ரோஸ்லின்.

சற்று நேரத்தில் அவளுடைய அண்ணன் தன்ராஜ் வந்தார். காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: “ஹி வந்தாச்சா, ஷி வந்தாச்சா? இல்ல ‘இட்’டா?”

ஞானசிகாமணி எழுந்து கதவைத் திறந்தார். “ஜே இஸ் பாத்திங். ஜே இஸ் மை சைல்ட். மச்சான், நீரு கெளம்பும்.”

ரோஸ்லின் அண்ணனின் செருப்பை எடுத்துத் தெருவில் வைத்தாள்.

அவர் போன பிறகுதான், குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டது தெரிந்தது.

“அப்பா, துண்டு எடுத்துத் தாங்க” என்றது உள்ளேயிருந்து கம்மிய குரல்.