செவலையின் பழைய கயிறு

கழுத்தைத் தடவிக் கொடுத்தபோதுதான் கையில் குத்தியது.

கயிறு புதுசு.

அவள் பால் சொம்பைக் கீழே வைத்தாள். மறுபடியும் தடவிப் பார்த்தாள். செவலைப் பசுவின் பழைய கயிறு கழுத்தில் உரசி உரசி வழவழவென்று ஆகிப்போனது. இது விறைத்துக்கொண்டு நின்றது. கடையில் வாங்கி ஒருநாள்கூட ஆகாத நைலான்.

மாடு கைமாறினால்தான் கயிறு மாறும். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழசு விற்றவன் வீட்டிலேயே தங்கும். கயிறு தங்கினால் அடுத்த மாடு தானாக வந்து சேரும் என்று அவர்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை.

ஆக, புருஷன் நாச்சிமுத்து செவலையை விற்றாயிற்று. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்புறம் ஏன் இது இங்கேயே நிற்கிறது?

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று யாரும் மாட்டை வீட்டைவிட்டு அனுப்ப மாட்டார்கள். அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பேரம் முடித்து, கயிறும் மாற்றி, அதற்குப் பிறகுதான் அவனுக்குக் கிழமை ஞாபகம் வந்திருக்கும். நாளைக்கு வந்து ஓட்டிக்கொண்டு போங்கள் என்றிருப்பான். அவசரப்பட்டால் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறவன்தானே.

சாயங்காலமானால் அவளுக்குக் கண் மங்கும். அந்தத் தைரியம் அவனுக்கு.

கை மங்காது என்பதை மறந்துவிட்டான்.

கோயிலுக்குப் போ போ என்று காலையிலிருந்து விரட்டியதே அவன்தான். பஸ்ஸுக்கு நிற்காதே என்று ஆட்டோகூடப் பேசிவிட்டான். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்த ஆளா அவன்? அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

பாலைக் கறந்தாள். மாடு என்ன பாவம் செய்தது.

கொட்டகைத் தூணில் ஒரு பெரிய ஆணி உண்டு. மாமனார் காலத்திலிருந்து விற்ற மாடுகளின் கயிறெல்லாம் அதில்தான் தொங்கும். செவலையின் கயிறும் அதில் சேர்ந்திருக்கும் என்று கையை நீட்டினாள்.

ஆணி மொட்டையாக இருந்தது.

ஒரு கயிறுகூட இல்லை.



மாட்டை மட்டும் விற்றவன் கயிற்றை ஆணியில் மாட்டியிருப்பான். எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறான் என்றால் ஆணியும் கைமாறப் போகிறது. தூணும்தான். கிணறு, தென்னை, வீடு, எல்லாம்தான்.

பக்கத்துத் தோட்டம் ஏற்கெனவே மனைக்கல் நட்டுக் கிடக்கிறது. கொஞ்ச நாளாக அவனுக்கும் அதே பேச்சு. தோட்டத்தை விற்ற காசைப் பேங்கில் போட்டால் வட்டியிலேயே ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிடலாம், டவுனில் மூன்றாவது மாடியில் வீடு, பால்கூட வாசலுக்கே வந்துவிடும் என்றான். எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம், விடிந்ததும் அந்தக் காசு வந்து என் கையை நக்குமா என்று அவள் கேட்டாள். சரி விடு என்று சட்டென்று அடங்கிவிட்டான்.

அடங்குகிற ஆளில்லை அவன். அதையும் நம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தேனொழுகச் சொல்லி அவளுடைய ஆதார் அட்டையை வாங்கி வைத்திருக்கிறானே, அதுவும் இப்போது புரிந்தது. தோட்டம் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. அவள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. கண்ணைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போய்ப் பத்திர ஆபீஸில் நிறுத்திவிட்டால், நாலு பேர் முன்னால் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

வீட்டுக்குள் போய்த் தேடினாள். கட்டிலுக்கடியில் ஒரு கோணிப்பை இருந்தது. கை விட்டுப் பார்த்தாள்.

அவன் வாசலில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் பையைக் கொட்டினாள். கயிறுகள் குவிந்தன.

"அங்க போயி இதையெல்லாம் எதுல மாட்டுவீங்க?"

போனை அணைத்தான். குனிந்து கயிறுகளைப் பார்த்தான். யார் சொன்னது, என்ன உளறுகிறாய் என்று மழுப்புவான் என்று அவள் காத்திருந்தாள்.

மழுப்பவில்லை.

"ஆணி அடிச்சுக்கலாம் புள்ள" என்றான். சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்டிருக்காது.

விற்கிறவனுக்குக் கயிறு எதற்கு? மூன்றாவது மாடிக்கு எந்த மாடு ஏறி வரப்போகிறது? அவள் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவான் போலிருந்தது. அதுவும் நடிப்போ என்னவோ.

குவியலில் துழாவினாள். செவலையின் கயிறு கைக்குத் தெரிந்தது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தாள். புதுக்கயிற்றை அவிழ்த்தாள்.

பின்னால் செருப்புச் சத்தம்.

தடுக்கத்தான் வருகிறான் என்று நினைத்தாள்.

அவன் வந்து செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டான். பழைய கயிற்றை அவள் கட்டி முடிக்கும்வரை பிடித்திருந்தான்.

"அப்ப திங்கக்கிழம கண்ணாஸ்பத்திரி..." என்று இழுத்தான்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க."

அவன் போய்விட்டான். அவள் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இறுகித்தான் இருந்தது. இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தாள்.

மற்றக் கயிறுகளை அவள் ஆணியில் மாட்டவில்லை. கோணிப்பையில் அள்ளிப்போட்டு வாயைக் கட்டினாள். அன்றைக்கு அதையே தலைக்கு வைத்துப் படுத்தாள்.