ஒன்பதாவது முகூர்த்தம்

தை முகூர்த்தத்துக்குச் சங்கரபாண்டியன் மண்டபத்தைப் பிடித்துவைத்திருந்தார். அதே நாளுக்குச் சமையல்காரரை வேறொரு கல்யாண வீட்டார் பிடித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் கல்யாணம். இரு வீட்டாரும் விடவில்லை. இப்படி முட்டிக்கொண்டால், மண்டபமும் சமையலும் ஒதுக்கும் பதிவு இயந்திரம் விருந்தாளி குறைந்த வீட்டைக் கழற்றிவிடும்.

“உங்கள் மண்டபம் அவர்களுக்குப் போய்விட்டது. மறுபடி பதியவும்,” என்றது திரை. மகள் பூங்கோதைக்கு இது ஒன்பதாவது முறை.

சேதி கேட்டுத் தம்பி போன் செய்தார். “தேதி நிச்சயமானப்புறம் சொல்லுங்கண்ணே, பார்ப்போம்.”

சங்கரபாண்டியன் விருந்தாளிப் பட்டியலில் தம்பி வீட்டு ஆறு பேரையும் அடித்தார்.

“அடிக்காதீங்கப்பா! ஆள் குறையக் குறையத்தான் அது நம்மளையே கழட்டிவிடுது.”

“வராதவங்களை வர்றாங்கன்னு எப்படிம்மா எழுதறது?” என்று சொல்லிப் பதிவை அனுப்பினார்.

பதிலுக்குக் காத்திராமல் பூங்கோதை கூறைப்புடவையை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.